தலைப்பாகையில் இருந்த தோல்: வேலூர்க் கோட்டை நடையொன்றின் நிகழ்வு ஆய்வு

இந்தப் பதிவில் வரும் மாணவியும் அவருடைய தாயாரும் இதை வெளியிடுமுன் முழுவதும் படித்து ஒப்புதல் தந்தார்கள். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறோம். குடும்பத்தின் சாதிப் பெயரை எழுத வேண்டாம் என்று மாணவி கேட்டுக்கொண்டதால் அது எங்கும் இடம்பெறவில்லை.

பின்னணி

வரலாற்றில் ஈடுபாடுள்ள ஆறு பேர் சேர்ந்து, கல்லூரி மாணவர்களை வேலூர்க் கோட்டைக்குள் அழைத்துச் சென்று இடத்துக்கு இடம் நின்று பேசும் நடைகளைச் சில ஆண்டுகளாக நடத்திவருகிறோம். எங்களில் இருவர் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், ஒருவர் செவிலியர், மற்றவர்கள் வெவ்வேறு பணிகளில் இருப்பவர்கள். வரலாற்று ஆசிரியராக இருந்த நான் பெரும்பாலான இடங்களில் பேசுபவன். ஆண்டுதோறும் ஜூலை 10ஆம் தேதி மக்கான் சந்திப்பில் உள்ள, 1806 வேலூர்ச் சிப்பாய்க் கிளர்ச்சியின் நினைவுத் தூணுக்கு மலர்வளையம் வைக்கும் வழக்கம் இருப்பதால், எங்கள் நடைகளும் ஜூலை முதல் வாரத்தில்தான் அதிகம் நடக்கும்.

1806இல் நடந்ததை நாங்கள் சொல்லிவந்த முறையை முதலில் குறிப்பிட வேண்டும். 1805 இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படைச் சிப்பாய்களுக்குப் புதிய தலைப்பாகை ஒன்று விதிக்கப்பட்டது. அது பார்வைக்குத் தொப்பிபோல் இருந்தது. அதில் தோலாலான குஞ்சமொன்றும் சேர்ந்திருந்தது. அடுத்த மாதங்களில், சீருடையில் இருக்கும்போது நெற்றிக்குறி கூடாது, காதணி கூடாது, தாடியை மழிக்க வேண்டும் என்ற விதிகளும் வந்தன. மே மாதம் வேலூரில் தலைப்பாகையை அணிய மறுத்தவர்கள் சென்னைக்கு அனுப்பப்பட்டனர். ஓர் இந்துவுக்கும் ஒரு முஸ்லிமுக்கும் தலா 900 கசையடி விதிக்கப்பட்டது. ஜூலை 10 விடியுமுன் கோட்டைக்குள் இருந்த சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். 1799 முதல் அங்கே காவலில் வைக்கப்பட்டிருந்த திப்பு சுல்தானின் குடும்பத்தில் முந்தைய நாள்தான் ஒரு திருமணம் நடந்திருந்தது. ஏறத்தாழ 130 ஐரோப்பியர் கொல்லப்பட்டனர். மருத்துவமனையில் நோயாளியாகப் படுத்திருந்தவர்களும் அதில் அடக்கம். மைசூர்க் கொடி ஏற்றப்பட்டது. ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையுடன் வந்து சேர்ந்த பிறகு எல்லாம் தலைகீழானது. அரண்மனைப் பகுதியில் தஞ்சம் புகுந்திருந்த சுமார் 100 சிப்பாய்கள் வெளியே இழுத்துவரப்பட்டு, சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்டனர். விசாரணைக்குப் பின் ஆறு பேர் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடிக்கப்பட்டனர்.

இவ்வளவு சாவு நிகழ்ந்த இடத்தில் பேசுகிறோம் என்ற கவனம் எங்களுக்கு இல்லாமல் இல்லை. கல்லறைத் தோட்டத்தில் பிரிட்டிஷ் 69ஆம் படைப்பிரிவினரின் நினைவுக்கல் முன் சிரிப்பும் செல்ஃபியும் கூடாது என்பது எங்கள் விதி. கண்டியின் கடைசி அரசர் 1816 முதல் 1832இல் இறக்கும்வரை இங்கே சிறையிருந்ததைச் சொல்லும்போது, பார்வையாளர்களில் இலங்கைத் தமிழர் யாரேனும் உண்டா என்று முன்பே விசாரித்துக்கொள்வோம். காலனிய ஆட்சி விட்டுச்சென்ற காயம் தலைமுறை கடந்து வரக்கூடும் என்பதைப் படித்திருந்தோம். அதற்கு ஆயத்தமாகவும் இருந்தோம். எங்கள் கண் முழுவதும் ஆட்சி செய்தவனுக்கும் ஆளப்பட்டவனுக்கும் இடையிலேயே நிலைத்திருந்தது. இந்த நிகழ்வில் காயம் வேறொரு பக்கத்திலிருந்து வந்தது.

அன்றைய காலை

சில ஆண்டுகளுக்கு முன் ஜூலை மாதச் சனிக்கிழமை ஒன்றில், இளங்கலை இரண்டாம் ஆண்டு மாணவர்கள் 28 பேருடன் காலை ஏழு மணிக்கு நடையைத் தொடங்கினோம். அந்த ஆண்டு புதிதாக ஒன்றைச் சேர்த்திருந்தோம். பழைய வேட்டித் துணியில் சிறு தலைப்பாகைகள் செய்து, ஆம்பூரிலிருந்து வாங்கிவந்த தோல் துண்டுகளை அவற்றில் தைத்து, ஆளுக்கொன்று கொடுத்தோம். அணிவகுப்புத் திடல் என்று நாங்கள் குறித்துக்கொண்ட இடத்தில் மாணவர்கள் சிப்பாய்களாக வரிசையில் நிற்க வேண்டும். நான் அதிகாரியின் கட்டளையைப் படிப்பேன். அவர்கள் தலைப்பாகையைத் தரையில் எறிந்து “அணிய மாட்டோம்” என்று முழங்க வேண்டும். வரலாறு உடலில் பதியும் என்று நம்பி இதைத் திட்டமிட்டவன் நான்தான்.

எறிவதற்கு முன் நான் சொன்ன வாக்கியம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனெனில் அதை எழுதி வைத்துப் படித்தேன்: “இப்படிப்பட்ட இழிந்த பொருளைத் தலையில் சுமக்கச் சொன்னால் மானமுள்ள எவன் பொறுப்பான்?” முன்வரிசையில் இருந்த மாணவர் ஒருவர் தோல் துண்டை மூக்கருகே கொண்டுபோய், “ச்சீ” என்று முகம் சுளித்தார். பலர் சிரித்தார்கள். நான் அதை நடிப்பின் ஒரு பகுதியாக எடுத்துக்கொண்டு, “அப்படித்தான் அவர்களுக்கும் இருந்திருக்கும்” என்றேன்.

27 தலைப்பாகைகள் தரையில் விழுந்தன. கடைசி வரிசையில் நின்றிருந்த ஒரு மாணவி எறியவில்லை.

கவனித்தவையும் தவறவிட்டவையும்

அந்த மாணவி துணியை மடித்தார். தையலைப் பல்லால் பிரித்துத் தோல் துண்டைத் தனியே எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு வரிசையிலிருந்து விலகி மதிலோரப் படியில் உட்கார்ந்தார். இதைக் கண்டவர் எங்கள் குழுவின் செவிலியர் மட்டுமே. வெயில் அப்போதே ஏறியிருந்ததால் மயக்கமோ என்று அருகே சென்று தண்ணீர் கொடுத்தார், நாடி பார்த்தார். நாடித்துடிப்பு வேகமாக இருந்தது, கை ஜில்லென்று இருந்தது என்று பின்னர் எங்களிடம் சொன்னார். “ஒண்ணுமில்லீங்க மேடம்” என்பதற்கு மேல் மாணவி எதுவும் பேசவில்லை. பொங்கல் பொட்டலத்தைப் பிரிக்கவுமில்லை.

நான் கவனிக்கவில்லை. திப்பு மஹால் பக்கம் கூட்டத்தை நகர்த்திக்கொண்டிருந்தேன்.

நடையின் முடிவில் கேள்விகளுக்கு நேரம் ஒதுக்கினோம். அந்த மாணவி எழுந்து கேட்டார்: “சார், சிப்பாய்ங்க தோள்ல குறுக்கா போட்டிருந்த பட்டையும் தோட்டாப் பையும் தோலுதானே? அதை மட்டும் எப்படிப் போட்டுக்கிட்டாங்க?” அது நல்ல கேள்வி. அந்தக் காலச் சிப்பாய்களின் குறுக்குப் பட்டையும் தோட்டாப் பையும் தோலால் ஆனவைதான். தலையில் அணிவதற்கும் இடுப்பில் அணிவதற்கும் இடையே அவர்கள் வைத்திருந்த வேறுபாடு, தொப்பி என்றாலே மதமாற்றம் என்று பரவியிருந்த அச்சம், பசுத்தோலோ பன்றித்தோலோ என்ற ஐயம் என்று விளக்குவதற்கு எவ்வளவோ இருந்தது. “அது அந்தக் காலத்து நம்பிக்கைம்மா” என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். மணி பத்தரை ஆகியிருந்தது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் சொல்ல என்னிடம் இல்லை.

கருத்துத் தாளில் அவர் எழுதியிருந்தது ஒரே வரி: “எங்க தாத்தா கை அப்படித்தான் வாசனை வரும்.” அந்தத் தாள்களை நாங்கள் படித்தது ஐந்து நாள் கழித்து.

அடுத்த நாள்கள்

திங்கள் முதல் அவர் கல்லூரிக்கு வரவில்லை. நான்காம் நாள் அவருடைய துறை ஆசிரியர் எங்களை அழைத்து, அன்று ஏதாவது நடந்ததா என்று கேட்டார். அதன் பிறகுதான் தாள்களைத் தேடிப் படித்தோம். செவிலியர் தாயாருடன் தொலைபேசியில் பேசினார். “பொண்ணு நாலு நாளா தூங்கலைங்க. ராத்திரி எழுந்து எழுந்து கை கழுவுது” என்றார் தாயார்.

குடும்பத்தின் வரலாறு மெல்ல மெல்லத்தான் தெரியவந்தது. மாணவியின் தாத்தா பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு தோல் ஷாப்பில் சுமார் நாற்பது ஆண்டுகள் வேலை செய்தவர். உப்புப் போட்டு வந்த தோலை ஊறவைத்து, மயிர் கழல்வதற்காகச் சுண்ணாம்புக் குழியில் இட்டு, குழிக்குள் இறங்கி நின்று புரட்டும் வேலை. சுண்ணாம்பு தின்ற விரல்களுடன் வீட்டுக்கு வருவார். பேருந்தில் அவர் ஏறினால் பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து போவார். நாளடைவில், இடம் காலியாக இருந்தாலும் உட்காராமல் படியருகே நின்றே வருவது அவருக்குப் பழக்கமாகிவிட்டது. தேநீர்க் கடையில் அவருக்குத் தனிக் குவளை இருந்தது. தாயார் இப்போது செருப்புக் கம்பெனியில் மேல்பாகம் தைக்கிறார்.

மாணவி தோல் ஷாப்புக்குள் கால் வைத்ததே இல்லை. தாத்தா இறந்தபோது அவருக்கு ஏழு வயது. ஆனாலும் பேருந்தில் இடம் இருந்தால்கூடப் படியருகே நிற்பதும், தோழியின் நோட்டை வாங்குமுன் கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொள்வதும் அவரிடம் இருந்தன. யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை என்றார் தாயார். கல்லூரியில் தாத்தாவைப் பற்றிக் கேட்டவர்களிடம் “கம்பெனி வேலை” என்று மட்டும் சொல்லியிருந்தார். அன்று எல்லோரும் சிரித்தபோது தான் வாய் திறக்காமல் நின்றதுதான் தூக்கத்தைக் கெடுத்தது என்று அவரே பின்னால் செவிலியரிடம் கூறினார். தாத்தாவைத் தரையில் எறியச் சொன்னதுபோல் இருந்தது என்பது அவருடைய சொல்.

வட ஆற்காட்டில் இருந்துகொண்டு இதை நாங்கள் ஊகிக்காமல் போனது இன்றும் எனக்கு உறுத்துகிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றுப் படுகை நெடுகத் தோலால் வாழும் ஊர்கள். 1989இல் வட ஆற்காடு இரண்டாகப் பிரிந்தபோது, வேலூரைத் தலைமையிடமாகக் கொண்ட பகுதி சில ஆண்டுகள் அம்பேத்கர் பெயரையே தாங்கியிருந்தது. 2015 ஜனவரி இறுதியில் ராணிப்பேட்டையில் தோல் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட 10 பேர் இறந்ததை நாங்கள் எல்லோரும் செய்தியில் படித்தவர்கள். 28 பேர் கொண்ட வகுப்பொன்றில் தோல் வேலை செய்யும் வீட்டுப் பிள்ளை ஒருவராவது இருப்பார் என்பதை அறிய ஆராய்ச்சி எதுவும் தேவைப்பட்டிருக்காது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, யார் வீட்டுக்குப் போவது என்பது. ஆறு பேரும் சென்று மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று சிலர் கருதினோம். செவிலியர் மறுத்தார். படித்த ஆறு பேர் கூட்டமாகத் தெருவுக்குள் வந்தால், வந்தவர்கள் யார், எதற்காக வந்தார்கள் என்று ஊரே கேட்கும். அந்தப் பதிலைச் சொல்லும் சுமை குடும்பத்தின் மீது விழும் என்றார். தாயார் வரச் சொன்ன பிறகு அவர் மட்டும் சென்றார். நான் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தனுப்பினேன். அதில் விளக்கம் எதுவும் எழுதவில்லை. நான் சொன்ன வாக்கியத்தை அப்படியே எழுதி, அது தவறு என்றும், அதைச் சொன்னவன் நான் என்றும் மட்டும் எழுதினேன்.

இரண்டாவது, வகுப்பின் முன் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்பதா என்பது. இதில் எங்களுக்குள் நீண்ட விவாதம் நடந்தது. எல்லோர் முன்னும் செய்த தவற்றை எல்லோர் முன்னும் திருத்த வேண்டும் என்பது என் எண்ணமாக இருந்தது. மாணவியைக் கேட்டபோது, வேண்டாம் என்று உறுதியாகச் சொன்னார். மன்னிப்பு யாருக்கு என்று வகுப்பு தேடும். கடைசி வரிசையில் எறியாமல் நின்றவரை யாரேனும் நினைவுபடுத்திக்கொள்வார்கள். தன் குடும்பத்தைப் பற்றி எப்போது, யாரிடம் சொல்வது என்பதைத் தான்தான் தீர்மானிக்க வேண்டும் என்றார். எனவே இரு வாரம் கழித்துத் துறை ஆசிரியரின் இசைவுடன் வகுப்புக்குச் சென்று, தோலைப் பற்றி நான் பயன்படுத்திய சொல் வரலாற்றின் சொல்லாக இல்லாமல் என் சொல்லாக இருந்ததையும், அது ஏன் தவறென்பதையும் பொதுவாக விளக்கினேன். குறுக்குப் பட்டையைப் பற்றிய கேள்விக்கு அன்று தராத பதிலையும் அப்போது தந்தேன்.

மூன்றாவது, இதை நோயென்று அழைக்க வேண்டாம் என்பது. நாங்கள் கலந்துபேசிய மனநல ஆலோசகர் இதில் உதவினார். நாஜிகளின் முகாம்களிலிருந்து தப்பிய யூதர்களின் பிள்ளைகளைப் பற்றி 1960கள் முதல் எழுதப்பட்டுவரும் ஆய்வுகளை அவர் எடுத்துச் சொன்னார்: தாங்கள் நேரில் காணாத துன்பத்தை அந்தப் பிள்ளைகள் பெற்றோரின் பேச்சிலிருந்தும், அதைவிடப் பெற்றோரின் மௌனத்திலிருந்தும் வாங்கிக்கொண்டார்கள். கூடவே அவர் ஒரு வேறுபாட்டையும் சுட்டினார். அங்கே முகாம் மூடப்பட்டுவிட்டது. இந்த மாணவியின் தாத்தாவைப் பார்த்து மூக்கைப் பொத்தியவர்களும், கோட்டைத் திடலில் “ச்சீ” என்றவரும் ஒரே பழக்கத்தின் இரண்டு முனைகள். பழைய நினைவு கிளர்ந்தது என்று மட்டும் எழுதிக்கொண்டால், அன்று புதிதாக இழைக்கப்பட்ட அவமதிப்பு கணக்கில் வராமல் போய்விடும். இதைக் கேட்ட பிறகு எங்கள் குறிப்பேட்டில் “மாணவிக்குப் பாதிப்பு ஏற்பட்டது” என்று எழுதியிருந்த வரியை அடித்து, “நாங்கள் அவமதித்தோம்” என்று திருத்தினோம். ஆலோசகரைச் சந்திக்கும் வாய்ப்பை மாணவிக்குத் தெரிவித்தோம். அவர் மூன்று முறை சென்றார். அங்கே பேசியது என்னவென்று நாங்கள் கேட்கவில்லை.

நான்காவது, நடிப்புப் பகுதியை முற்றிலும் நிறுத்துவது. திருத்தி நடத்தலாம் என்ற யோசனையும் வந்தது. 900 கசையடி விதிக்கப்பட்ட இருவரும் சுவரோரம் நின்று செத்தவர்களும் உண்மையான மனிதர்கள். அவர்களுடைய இடத்தில் பத்து நிமிடம் நின்று சிரித்துவிட்டு நகரும் உரிமை எங்களுக்கு உண்டா என்று செவிலியர் கேட்டார். அதற்கு மேல் விவாதம் நடக்கவில்லை.

தொடர்ந்தவை

மாணவி எட்டாம் நாள் கல்லூரிக்குத் திரும்பினார். இரவில் கை கழுவுவது ஒரு மாதத்துக்குள் நின்றுவிட்டதாகத் தாயார் சொன்னார். பேருந்தில் நிற்கும் பழக்கம் மாறவில்லை.

எங்கள் குழுவிலிருந்து ஒருவர் விலகினார். தோலைப் பற்றிய பேச்சைப் பெரிதாக்கினால் 1806இல் உயிர்விட்டவர்களின் தியாகம் சிறுத்துவிடும் என்பது அவருடைய கருத்து. அவர் நேர்மையான மனிதர். பல ஆண்டுகள் எங்களுடன் உழைத்தவர். ஆயினும் அந்தக் கருத்தை நான் ஏற்கவில்லை. சென்னைப் படையில் பறையர் உள்ளிட்ட ஒடுக்கப்பட்ட சாதியினரும் சிப்பாய்களாக இருந்தார்கள். எல்லோரும் ஒரே அருவருப்போடு எழுந்தார்கள் என்று சொல்லும்போதுதான் அந்த வீரர்களை நாம் ஒரே சாதியின் உணர்வுக்குள் அடைக்கிறோம்.

செப்டம்பரில் எதிர்பாராத ஒன்று நடந்தது. மாணவியின் ஆயா (பாட்டி) கோட்டையைப் பார்க்க வேண்டும் என்றார். வேலூருக்கு மருத்துவமனைக்காகப் பலமுறை வந்தவர், கோட்டைக்குள் நுழைந்ததில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாணவி, தாயார், ஆயா, செவிலியர், நான் ஆகிய ஐவர் மட்டும் மெதுவாக நடந்தோம். சிப்பாய்கள் சுடப்பட்டதைச் சொன்னபோது ஆயா, “அவங்க பொண்டாட்டி புள்ளைங்க எங்க போச்சுங்க?” என்று கேட்டார். இத்தனை ஆண்டுகளில் ஒரு மாணவரும் அதைக் கேட்டதில்லை. நானும் அதை ஒருமுறையும் பேசியதில்லை.

மர நிழலில் உட்கார்ந்திருந்தபோது மாணவி அந்தத் தோல் துண்டைப் பையிலிருந்து எடுத்து ஆயாவிடம் கொடுத்தார். ஆயா அதை மடக்கிப் பார்த்தார், விளிம்பை நகத்தால் கீறினார், வெட்டுவாயை வெளிச்சத்தில் பிடித்தார். “இது குரோம் தோலுங்க. நடுவுல நீலம் தெரியுது பாருங்க. அந்தக் காலத்துல ஏது குரோமு? ஆவாரம்பட்டை போட்டுதான் பதம் பண்ணியிருப்பாங்க. அது செவப்பா இருக்கும், மடக்குனா இப்படி மடங்காது” என்றார். முற்றிலும் சரி. குரோமியத்தால் பதனிடும் முறை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருவானது. 1806இன் தலைப்பாகையில் அது இருந்திருக்க வழியில்லை. வரலாற்றை உடலில் பதியவைக்கிறேன் என்று நான் மாணவர்கள் கையில் கொடுத்த பொருளே காலத்துக்குப் பொருந்தாதது. அதைத் தொட்ட மாத்திரத்தில் அறிந்தவர், அந்தப் பொருளை நான் இழிந்தது என்று சொன்ன வீட்டைச் சேர்ந்தவர். பேத்தி ஆயாவின் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பட்டையை எத்தனை நாள் ஊறப்போடுவார்கள் என்று அவர் கேட்க, ஆயா சொல்ல, அரை மணி நேரம் அவர்கள் இருவருமே பேசிக்கொண்டிருந்தார்கள்.

மாற்றிக்கொண்டவையும் எஞ்சியவையும்

அந்த இடத்தில் இப்போது நாங்கள் சொல்வது இது: “தலைப்பாகையில் தோல் இருந்தது. சிப்பாய்களில் பலர் அதைத் தீட்டாகக் கருதினார்கள். அந்தக் கருத்து சாதியிலிருந்து வந்தது. அவர்களுடைய மதத்திலும் உடலிலும் கேட்காமல் கைவைத்த ஆட்சியின் அநீதியும் உண்மை. அந்தத் தோலைப் பதனிட்டவர்களும் இந்த நாட்டு மக்களே.” வாக்கியம் நீளமாகிவிட்டது என்று சிலர் சொல்கிறார்கள். நீளமாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். தீட்டு, இழிவு போன்ற சொற்களை வழிநடத்துபவர் தம் குரலில் சொல்லக்கூடாது. யார் அப்படிக் கருதினார்கள் என்று சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது இப்போது எழுதப்பட்ட விதி.

ஒவ்வொரு நடையிலும் ஒருவர் பேசாமல் பின்வரிசையை மட்டும் கவனிக்கிறார். விலகி உட்கார விரும்புவோர் காரணம் சொல்லத் தேவையில்லை என்பதைத் தொடக்கத்திலேயே அறிவிக்கிறோம். கருத்துத் தாள்களை அன்று மாலையே படிக்கிறோம். தம் குடும்பத்தைப் பற்றிப் பேசும்படி எந்த மாணவரையும் கேட்பதில்லை. ஆயாவை நடைகளில் பேச அழைக்கலாம் என்ற யோசனை வந்தபோதும், அவரே கேட்டாலன்றி அழைப்பதில்லை என்று முடிவெடுத்தோம். தோலைப் பற்றி அவருக்குத் தெரிந்ததை வைத்து அவரை ஒரு காட்சிப்பொருளாக்கிவிடுவோமோ என்ற அச்சம் எனக்கு இருந்தது.

ஒன்றை நாங்கள் செய்யவில்லை. முன்வரிசையில் முகம் சுளித்த மாணவரிடம் தனியாகப் பேசவே இல்லை. பேசினால் யாருக்காகப் பேசுகிறோம் என்பது வெளிப்பட்டுவிடும் என்று தயங்கித் தயங்கி ஆண்டு முடிந்தது. அவர் படிப்பு முடித்துச் சென்றுவிட்டார். வகுப்பில் நான் பொதுவாகச் சொன்னதை அவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்பதற்கு எங்கள் குறிப்பேட்டில் ஒரு வரியும் இல்லை.